ஐந்து இஞ்சிப் பிடி

என் குசினியில் பன்னிரண்டு லாச்சிகள் பதினாலு மாதம் முகமில்லாமல் நின்றன. விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். குசினி என்றால் சமையலறை, லாச்சி என்றால் இழுப்பறை. முதலில் லாச்சிப் பெட்டியைச் செய்து, இழுத்தால் வரவும் தள்ளினால் போகவும் அதை அலுமாரிக்குள் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிற நல்ல பலகையை அதன் முன்னால் பூட்டுவார்கள். அதை முகப்புப் பலகை என்பார்கள். கைப்பிடி அதில்தான் வரும். எங்கள் வீட்டில் அந்தப் பன்னிரண்டு முகப்புப் பலகைகளும் சாக்கில் சுற்றியபடி கட்டிலுக்கடியில் கிடந்தன. லாச்சிகளோ தங்கள் வயிற்றில் இருப்பதையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொண்டு நின்றன. கரண்டி எது, பழைய ரசீது எது, நான் ஒளித்து வைத்திருக்கும் முறுக்குப் பேணி எது என்று வந்தவர் போனவரெல்லாம் பார்த்தார்கள்.

என் கணவர் ஓடாவி, மரவேலைக்காரர். கல்முனைக்குடியிலிருந்து மருதமுனை வரைக்கும் எத்தனையோ வீட்டுக் குசினிகளில் அவர் பூட்டிய பான்ட்ரி கபட் இருக்கிறது. என் குசினியில் மட்டும் இருபத்திநாலு வருடமாக ஒரு சீமெந்துத் தட்டும், அதற்குக் கீழே பூப்போட்ட திரைச்சீலையும்தான். கேட்டால், "உனக்கு என்ன அவசரம்? நீ எங்க போகப்போறாய்?" என்பார். நானும் தையல் மெசினில் இருந்தபடியே பதிலுக்கு ஏதாவது குத்திச் சொல்வேன். அதோடு அந்தக் கதை முடியும்.

பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடித்து வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எங்களுக்கு ஒரே மகள். அதனால் நாங்கள் இருக்கிற வீடு அவளுக்கு, பின்வளவில் கட்டிய இரண்டு அறை எங்களுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. மகளுக்கு என்றதும் மனிதர் உடனே பலகை இறக்கினார். திரைச்சீலை போனது. எனக்கு வராத பான்ட்ரி கபட் என் மகளுக்கு வந்தது. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மினுங்குகிற அந்தத் தட்டில் முதல் நாள் வெங்காயம் வெட்டியது நான்தான்.

பெட்டிகளையெல்லாம் பூட்டி முடித்த கிழமை, ஒரு பகல், லுஹர் தொழுதுவிட்டு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த கறிச்சட்டியை நகர்த்த இடக்கையை நீட்டப் போனார். கை வரவில்லை. "இஞ்சாரு, கை எங்க?" என்று என்னைக் கேட்டார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கால் மெல்ல மெல்ல வந்தது. கோணிய வாய் நேரானது. இடக்கை மட்டும் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. தொழுகையில் தக்பீர் கட்டும்போது வலக்கை காது வரைக்கும் போகும். இடக்கை எழும்பப் பார்த்து, வயிற்றுக்கு மேலே போக மாட்டாமல் நின்றுவிடும். விடியற்காலையில் ஒரு ரப்பர் பந்தை அந்தக் கையில் வைத்துக்கொண்டு அமத்துவார், அமத்துவார், நெற்றி வியர்க்கும் வரைக்கும் அமத்துவார். பிறகு என்னைப் பார்த்து, "எப்படி?" என்பார்.

"நேத்தையவிட விரல் விரியிது" என்பேன்.

விரியவில்லை. ஆறாவது மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். நல்ல பிள்ளை. முகத்தில் இரக்கம் இருந்தது. "அன்ரி, வாறதெல்லாம் பெரும்பாலும் இந்த ஆறு மாசத்துக்குள்ளதான் வரும். கால் வந்திட்டு. கைக்கு இனிப் பெரிசா எதிர்பார்க்காதீங்க. அங்கிளுக்கு நீங்களே பதமாச் சொல்லுங்க" என்றாள். நான் தலையாட்டினேன். பதமாகச் சொல்வதற்கு ஒரு நாள் பார்த்தேன். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, மகளுக்குச் சம்பந்தம் வந்தது. ஒரு நாளும் சொல்வதற்கு ஏற்ற நாளாக இல்லை. அதற்குள், விரல் விரிகிறது என்று சொல்லிச் சொல்லியே எனக்குப் பழகிவிட்டது.

நிக்காஹுக்கு நாள் குறித்ததும் என் காக்கா வந்தார். எங்கள் வீட்டுக்கு ஏதாவது என்றால் முதலில் ஓடிவருகிற மூத்த சகோதரன். குசினிக்குள் வந்து லாச்சிகளைப் பார்த்துவிட்டு, "மச்சான், காரைதீவில எனக்குத் தெரிஞ்ச ஓடாவி ஒராள் இரிக்கார். வந்தாரெண்டா அரை நாளையில பூட்டிட்டுப் போயிருவார். சொல்லட்டா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

என் கணவர் மடங்கிய கையை வலக்கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இது என்ட மகள்ட குசினி, மச்சான். இதப் பூட்ட எனக்கு ஏலாட்டி, இனி எனக்கு ஒரு வேலையும் ஏலா எண்டு நானே விளங்கிக்கிறன். அதுவரைக்கும் விடுங்க" என்றார்.

காக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? ஓம் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை. தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன்.

மறுநாளே தொடங்கினார். ஒரு முகப்புப் பலகையை எடுத்து லாச்சிக்கு முன்னால் நிறுத்தினார். அதை நேராகப் பிடிக்க ஒரு கை வேண்டும், துளைக்க ஒரு கை வேண்டும். அவரிடம் இருந்தது ஒன்று. நெற்றியால் பலகையை அமத்திப் பிடித்துக்கொண்டு ட்ரில்லை எடுத்தார். பலகை சரிந்தது. முழங்காலால் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் சரிந்து கால்விரலில் விழுந்தது. நான் ஓடிப்போய், "நான் புடிக்கிறன், நீங்க துளைங்க" என்றேன்.

"நீ புடிச்சா, அது நான் பூட்டினதாகுமா?"

"அல்லாஹ்வே! உங்களுக்குச் சோறு போட்டுத் தாறது நான். அப்ப நீங்க தின்னுறது நான் தின்னுறதாகுமா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூன்றாவது தரமும் பலகை விழுந்த பிறகு, முற்றத்துக் கதிரையில் போய் உட்கார்ந்து, அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "ஒரு அச்சு அடிக்கோணும்" என்றார்.

அச்சு என்றால், பலகை தானாக ஒரே இடத்தில் வந்து நிற்கவேண்டும், ட்ரில் தானாக ஒரே இடத்தில் இறங்கவேண்டும். கை செய்கிற வேலையை மரம் செய்யவேண்டும். பன்னிரண்டு பலகையும் ஒரே அளவு என்பதால் ஒரு அச்சுப் போதும். பிடிக்கான இரண்டு ஓட்டையைச் சரியாகப் போட்டுவிட்டால் மீதி இலகு. பலகையை லாச்சியில் சாய்த்து, அந்த ஓட்டைகளுக்குள்ளாலேயே இரண்டு ஆணியைத் திருகித் தற்காலிகமாக நிறுத்தலாம். பிறகு லாச்சியை இழுத்து உள்பக்கத்தால் நிரந்தர ஸ்க்ரூவை ஏற்றலாம். கடைசியில் அந்த ஆணியைக் கழற்றி, அதே ஓட்டையில் கைப்பிடியைப் பூட்டலாம். எல்லாமே அந்த இரண்டு ஓட்டையில்தான் தொடங்குகிறது.

"அச்சு அடிக்கிறதுக்கு நீ வா. அச்சு வந்தாப் பொறகு நீ வேணா" என்றார். இப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குக் கோபம் வராது? எனக்கும் வந்தது. ஆனாலும் போனேன்.

இரண்டு நாள் எடுத்தது. மேசையில் ஒரு பிளைவூட் தட்டை அடித்து, அதன் மேல்பக்கமும் இடப்பக்கமும் சட்டம் வைத்தோம். பலகையை அந்த மூலைக்குள் தள்ளினால் அதற்குப் போக வேறு இடம் இல்லை. வலப்பக்கத்தில் ஒரு ஆப்பு. ஒரு தட்டுத் தட்டினால் அது இறுகிப் பலகையைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆப்புத்தான் அவருடைய இடக்கை. மேலே குறுக்காக ஒரு கட்டை, பாலம் மாதிரி. அதில் இரண்டு ஓட்டை. ட்ரில்லை அந்த ஓட்டைக்குள் விட்டால் கீழே பலகையில் நேராக இறங்கும். பாலத்து ஓட்டைக்குள் சின்ன இரும்புக் குழாய்த் துண்டு வைத்தால் தேயாது என்றார். வீடு முழுக்கத் தேடினோம். அந்த அளவில் ஒன்றும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு பலகைதானே, மரமே தாங்கும் என்று விட்டுவிட்டார்.

பாலத்தில் ஓட்டைக்கு அடையாளம் வைத்தது நான். பென்சில் பிடித்துக் கோடு கிழிக்கும்போது அடிமட்டத்தை அமத்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டுமே.

"புடி எத்தன?" என்று கேட்டார்.

"அஞ்சு இஞ்சி." அங்குலத்தை நாங்கள் இஞ்சி என்போம்.

"பெட்டிய எடுத்துப் பாத்தியா?"

கைப்பிடிப் பெட்டி மகளின் கலியாணச் சாமான்களோடு அலுமாரிக்குள் இருந்தது. நானும் மகளும் போய் வாங்கியது. கடைக்காரர், "அஞ்சு இஞ்சிப் புடி பன்னெண்டு" என்று சொல்லித்தான் எடுத்துத் தந்தார். "பாக்க என்ன இரிக்கி? நீங்களே முப்பது வருஷமா அஞ்சு இஞ்சிப் புடி எண்டுதானே சொல்லுறீங்க. எத்தின அபாயாக்கு அளவெடுத்த கை இது, எனக்கு அஞ்சு இஞ்சி தெரியாதா?" என்றேன். அவர் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார். நான் அந்தச் சிரிப்பிலேயே மயங்கி, கட்டையின் நடுவில் இருந்து இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை என்று இரண்டு புள்ளி வைத்தேன். என் புள்ளியில் அவர் துளைத்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் என்னைக் குசினிக்கு வெளியே அனுப்பிவிட்டார். நான் கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் பலகையை மூலைக்குள் தள்ளினார். சுத்தியலால் ஆப்பைத் தட்டினார். பலகையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சுத்தியலை வைத்துவிட்டு ட்ரில்லை எடுத்தார். ஒரு ஓட்டை. இரண்டாவது ஓட்டை. ஆப்பைத் தட்டிக் கழற்றிப் பலகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். யாரும் அவருக்கு எதையும் பிடித்துக் கொடுக்கவில்லை.

இரண்டாவது பலகைக்குப் போனார், மூன்றாவதுக்குப் போனார். ஒன்று முடிந்ததும் கைப்பிடியை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஓடத் தொடங்கியவரைப் போல நிற்க மாட்டாமல் போய்க்கொண்டிருந்தார். நானும் நிறுத்தவில்லை. ஏழாவது, எட்டாவது பலகையில் வலக்கை லேசாக நடுங்கியதைக் கண்டேன். ஒரு கை இரண்டு கையின் வேலையைச் செய்தால் களைக்காதா? அவர் அந்த நடுக்கத்தை எனக்கு மறைக்கப் பார்த்தார். நான் காணாததுபோல இருந்தேன். பன்னிரண்டாவதை எடுத்து அடுக்கிவிட்டு, "இருவத்திநாலு ஓட்டை" என்றார் சத்தமாக. அன்று இரண்டு கோப்பை சோறு தின்றார். மகள் அவரை வீடியோ எடுத்து மாப்பிள்ளைப் பிள்ளைக்கு அனுப்பினாள். எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை.

அடுத்த நாள் காலையில் மகள் கைப்பிடிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். பலகையைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு பிடியை வைத்து அழகு பார்ப்போம் என்றாள். அவர் பிடியைப் பலகையில் வைத்து, பின்பக்கத்தால் ஒரு ஸ்க்ரூவைத் திருகினார். ஏறியது. மற்றதை விட்டார். ஏறவில்லை. ஸ்க்ரூவின் மூக்கு பிடியின் இரும்பில் போய் இடித்தது. சரித்துப் பார்த்தார், ஏறவில்லை. அடுத்த பலகையை எடுத்தார். அதிலும் ஒன்று ஏறியது, மற்றது இடித்தது. மூன்றாவதிலும் அப்படியே.

நாலாவதை அவர் எடுக்கவில்லை. அச்சுப் பக்கம் போய், பாலத்து ஓட்டைக்குள் சின்னவிரலை விட்டுத் தடவினார். "தேஞ்சிரிக்கி. கை சாஞ்சி சாஞ்சி அச்சு ஓட்டையே இழுபட்டிட்டு" என்றார். பிறகு தன் வலக்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அது அப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "இதும் போயிட்டு" என்றார்.

மகள் பதறிப்போய், "வாப்பா, ஓட்டையக் கொஞ்சம் பெருப்பிச்சாச் சரிதானே? புடி மறைச்சிரும், வெளிய தெரியாது" என்றாள்.

"ஓட்டையப் பெருப்பிக்கலாம் மகள். கைய என்ன செய்யிற?"

ட்ரில்லில் இருந்து பிட்டைக் கழற்றினார். எல்லாச் சாமானையும் ஒற்றைக் கையால் பைக்குள் போட்டு, சிப்பை இழுக்க முடியாமல் அப்படியே விட்டார். "காக்காக்குச் சொல்லு. அந்த மனிசன வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பகல் சோறு வேண்டாம் என்றார். பின்னேரம் தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். என்ன சொல்லித் தேற்றுவது? இத்தனை மாதமாகத் தேற்றித் தேற்றியே என் வாய் தேய்ந்து போயிருந்தது. கடைசியில் காக்காவுக்குப் போன் பண்ணினேன். நாளைக்குப் பகல் ஓடாவியாரோடு வருவதாகச் சொன்னார்.

விடிந்ததும் குசினி மேசையை ஒதுக்கப் போனேன். மரத்தூளைக் கூட்டினேன். மூடாமல் கிடந்த பெட்டியில் இருந்து ஒரு பிடி கையில் வந்தது. என் கழுத்தில் தையல் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அது எப்போதும் அங்கேதான் தொங்கும். என்ன நினைத்தேனோ, அளந்தேன். ஒரு ஓட்டையின் விளிம்பில் இருந்து மற்ற ஓட்டையின் அதே பக்க விளிம்பு வரைக்கும். ஐந்து இஞ்சியைக் கொஞ்சம் தாண்டி நின்றது. துணி டேப் இழுபட்டிருக்கும் என்று நினைத்து, அவருடைய இரும்பு டேப்பை எடுத்து அளந்தேன். அதிலும் தாண்டித்தான் நின்றது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. டேப்பில் ஐந்து இஞ்சிக்கு நேரே நூற்று இருபத்தேழு.

பாலத்து ஓட்டைகளை அளந்தேன். சரியாக ஐந்து இஞ்சி. தேயவும் இல்லை, சாயவும் இல்லை. பலகைகளை ஒவ்வொன்றாக அளந்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து. இருபத்திநாலு ஓட்டையும் மயிரிழை பிசகாமல் நான் புள்ளி வைத்த இடத்தில் இருந்தன. அவருடைய கை ஒரு பிழையும் செய்யவில்லை. என் பிழையைத்தான் அது பன்னிரண்டு தரம் அச்சொட்டாகச் செய்திருந்தது.

ஐந்து இஞ்சிப் பிடி என்பது அந்தப் பிடிக்கு எங்கள் ஊரில் வழங்குகிற பெயர் மட்டும்தான். வருவது மில்லிமீட்டரில், கூப்பிடுவது இஞ்சியில். இவரும் சரி, மற்ற ஓடாவிமாரும் சரி, ஒருவரும் அதை அளந்ததில்லை. பிடியையே பலகையில் வைத்து அமத்தி, அடையாளம் பார்த்து, கையால் துளைத்துவிடுவார்கள். அதனால் அந்தப் பெயர் பொய் என்று இத்தனை வருடமாக யாருக்கும் தெரியவரவில்லை. அச்சுத்தான் அதை நம்பியது. அச்சை நம்ப வைத்தது நான்.

பிடியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். சந்தோசத்தில்தான் ஓடினேன். "இஞ்சாருங்க, எழும்புங்க! உங்கட கை பிழையில்ல. புடி அஞ்சு இஞ்சி இல்ல, அதவிடக் கொஞ்சம் பெரிசு. நான் வெச்ச புள்ளிதான் பிழை!"

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். கோபமில்லை, கேலியில்லை. களைத்துப்போன பார்வை. "கோப்ப வழுக்கிச்சி" என்றார். "படி ஈரமா இரிந்திச்சி. இப்ப புடி பெரிசு."

மூன்றும் நான் சொன்னவை. இடக்கையால் அவர் பிடிக்கப் பார்த்த கோப்பை உடைந்தபோது, எண்ணெய் பட்டு வழுக்கியது என்றேன். பின்வாசல் படியில் தடுக்கியபோது, ஈரம் என்றேன். இன்றைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உண்மையைக் கொண்டுவந்து வைத்தால் அதுவும் அந்தப் பொய்களோடு போய் வரிசையில் நிற்கிறது. சத்தியம் பண்ணினேன். "சத்தியம் பண்ணாத, குத்தம்" என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். பெட்டியைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். என்னால் வேறு என்ன செய்ய ஏலும்? கத்தினேன். "நான் சொல்லுறத நம்பவேணா. நீங்க அளந்து பாருங்க! ஒருக்கா அளந்து பாருங்க!"

மகள் ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் சண்டை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, எழும்பினார். காலை இழுத்து இழுத்துக் குசினிக்கு வந்தார். நான் பிடிக்கப் போனதும் கையைத் தட்டிவிட்டார். பிடியைக் கவிழ்த்து, அச்சின் மூலைக்குள் வைத்து, ஆப்பை நகர்த்தி இறுக்கினார். இரும்பு டேப்பை அதன்மேல் படுக்க வைத்தார். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு பலகையை அளந்தார். இன்னொரு பலகையை அளந்தார். பன்னிரண்டையும் அளந்தார்.

"நூத்தி இருவத்தெட்டு" என்றார் கடைசியில். "முப்பது வருஷமா அஞ்சு இஞ்சி, அஞ்சு இஞ்சி எண்டு..." சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தார். தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, மாமாவைத் தடுக்கவேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

குசினியில் நாங்கள் இருவரும்தான். அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது. பிடியை ஆப்பில் இருந்து கழற்றிக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டார்.

"அப்ப இது உண்ம."

"உண்ம."

"கோப்ப?"

நான் கழுத்து டேப்பை விரலில் சுற்றினேன்.

"படி?"

அவர் பிடியை மேசையில் வைத்தார். வலக்கையால் இடக்கையைத் தூக்கி, ஒரு சாமானை வைப்பதுபோல அதையும் மேசையில் எனக்கு முன்னால் வைத்தார். விரல்கள் மடங்கியபடியே கிடந்தன.

"இது?"

விரல் விரியிது என்று சொல்ல வாய் வந்தது. பழக்கம். ஆனால் இப்போது சொன்னால், கொஞ்சம் முன்னால் நான் சொன்ன உண்மையும் செத்துப்போகும். வலக்கையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இடக்கையைக் கைவிடவேண்டும். "வராதாம்" என்றேன். "ஆறு மாசத்துக்குள்ள வாறதுதானாம். பயிற்சி குடுக்கிற புள்ள எனக்குத் தனியச் சொன்னா. உங்களுக்குச் சொல்லச் சொல்லித்தான் சொன்னா. எனக்கு ஏலாமப் போயிட்டு."

"எப்ப சொன்னா?"

"நோன்புக்கு முந்தி. எட்டு மாசம் இரிக்கும்."

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. மெல்லிய குரலில், கணக்குப் பார்ப்பதுபோலச் சொன்னார்.

"எட்டு மாசம் ரப்பர் பந்து அமத்தினன். அண்டைக்கே நீ சொல்லியிருந்தா, இந்தக் கைய விட்டுட்டு ஒத்தக் கையால வேல செய்யப் பழகியிருப்பன். இந்த அச்ச நான் நோன்புக்கே அடிச்சிருப்பன்."

அவர் உடைந்துபோகக் கூடாது என்றுதான் அத்தனையும் சொன்னேன். அல்லாஹ் அறிய, அவர் மீது இருந்த பாசத்தில்தான் சொன்னேன். ஆனால் எட்டு மாதமும் ஒவ்வொரு காலையும் அவரை வராத ஒரு கைக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு வைத்தது நான்தான். மாப்பு கேட்கப் பார்த்தேன்.

முற்றத்தில் மகள் காக்காவோடு போனில் சிரித்துக் கதைக்கிற சத்தம் கேட்டது. ஓடாவியார் வரவேண்டாம், வாப்பாவே பூட்டுவார், வாப்பாவின் கை பிழையில்லை.

அவர் பையைத் திறந்து, ட்ரில்லுக்குக் கொஞ்சம் பெரிய பிட்டைத் தேடி எடுத்து, முதலில் பாலத்து ஓட்டைகளைப் பெருப்பித்தார். முதல் பலகையை மூலைக்குள் தள்ளினார், ஆப்பைத் தட்டினார், ஓட்டையைப் பெருப்பித்தார். பிடி ஏறியது. லுஹருக்குள் பன்னிரண்டையும் முடித்தார். அடுத்த நாலு நாளில் எல்லாவற்றையும் லாச்சிகளில் பூட்டினார். எங்கேயாவது பிடிக்கவேண்டி வந்தால், "இஞ்ச புடி" என்பார், பிடித்தேன். "விடு" என்பார், விட்டேன். நிக்காஹ் முடிந்து நாங்கள் பின்வளவு அறைக்கு மாறும் வரைக்கும் அந்த இரண்டு சொல்லைத் தவிர அவர் என்னோடு வேறொன்றும் கதைக்கவில்லை.